சூரைச் செடியின் நிழலும் செமஸ்டர் தேர்வும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனையின் எழுத்து வடிவம்)



நவம்பர் மாதம் கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு நம் ஆலயங்களில் தவறாமல் நடக்கிற ஒன்று உண்டு. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கல்லூரி மாணவ மாணவியர் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு பீடத்தருகே வருவார்கள். செமஸ்டர் தேர்வுக்காக அவற்றை ஆசீர்வதித்துக் கொடுக்கிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த வரிசையில் நிற்கும் ஒருசிலர் பேனாவை வாங்கிய பிறகும் நகராமல் நிற்பார்கள். “சாமி, ரொம்ப டென்ஷனா இருக்கு. ராத்திரி தூக்கமே வர்றதில்ல. படிச்சது எதுவும் மண்டையில நிக்கல” என்பார்கள்.

பேனாவை ஆசீர்வதிக்க அரை நிமிடம் போதும். இந்தப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது? “நல்லா செபம் பண்ணு, எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லி அனுப்பும் பெரியவர்கள் நம்மிடையே பலர். அந்தப் பதில் தவறன்று. ஆனால் அது முழுப் பதிலும் அன்று. மன அழுத்தத்தைக் குறைக்க மருத்துவமும் உளவியலும் சில எளிய வழிகளைக் கண்டறிந்திருக்கின்றன. அவற்றுள் சில நம் திருச்சபையின் பழைய செப முறைகளுக்கு மிக அருகில் இருக்கின்றன. அந்த வழிகள் எவை, அவை எப்படி வேலை செய்கின்றன, அவற்றை எப்படி முயன்று பார்ப்பது, எந்த இடத்தில் அவை போதாமல் போகின்றன என்பதை இன்று சிந்திப்போம்.

எலியா தூங்கினார்

அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரத்தை ஒருமுறை திறந்து வாசியுங்கள். கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்ட இறைவாக்கினர் எலியா, அடுத்து ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார். பாலைநிலத்தில் ஒரு நாள் தொலைவு நடந்து, ஒரு சூரைச் செடியின் அடியில் உட்கார்ந்து, இனி வாழ்ந்தது போதும், சாவு வரட்டும் என்று இறைவனிடம் கேட்கிறார். பிறகு அப்படியே படுத்துத் தூங்கிவிடுகிறார்.

இறைவன் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். ‘உன் நம்பிக்கை எங்கே போயிற்று’ என்று கடிந்துகொள்ளவில்லை. வானதூதர் வந்து தட்டி எழுப்பி, உண்ணச் சொல்கிறார். அருகே சூடான கல்லில் சுட்ட அப்பமும் ஒரு குவளையில் தண்ணீரும் இருக்கின்றன. எலியா உண்டு, குடித்து, மறுபடியும் தூங்குகிறார். தூதர் இரண்டாம் முறையும் வந்து எழுப்பி உண்ண வைக்கிறார். அதன் பிறகுதான் ஓரேபு மலைக்கு நாற்பது நாள் பயணம். அதன் பிறகுதான் இறைவனோடு உரையாடல். தூக்கமும் உணவும் முதலில் வந்தன. அழைப்பும் பணியும் அடுத்து வந்தன. சோர்ந்த உடலுக்கு முதலில் உதவுவது நம்பிக்கைக் குறைவு ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

உடலுக்குள் என்ன நடக்கிறது?

வயல் வரப்பில் நடந்துபோகும்போது காலடியில் பாம்பு. அந்த நொடியில் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது, பசி மறைந்துபோகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. சற்றுப் பின் கார்டிசால் என்ற இன்னொரு சுரப்புநீரும் சேர்கிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் தயாராகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1915-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். வியன்னாவில் பிறந்து கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆய்வு செய்த ஹான்ஸ் செலி, 1936-இல் இன்னும் ஒரு படி போனார். குளிர், காயம், நச்சு என்று துன்பம் எந்த வகையாக இருந்தாலும் எலிகளின் உடல் ஏறத்தாழ ஒரே விதமாகத்தான் பாதிக்கப்படுகிறது என்று கண்டார். ‘மன அழுத்தம்’ பற்றி இன்று நாம் பேசுவதெல்லாம் அங்கிருந்து வளர்ந்தது.

பாம்பு புதருக்குள் போய்விட்டால் உடலும் சற்று நேரத்தில் அமைதியாகிவிடும். ஆனால் தேர்வு அட்டவணை புதருக்குள் போவதில்லை. மூன்று வாரம் கண் முன்னால் நிற்கிறது. அதோடு இன்டர்னல் மதிப்பெண், முடிக்காத ரெக்கார்ட் நோட்டு, போன செமஸ்டரின் அரியர், அடுத்த ஆண்டின் கேம்பஸ் இன்டர்வியூ, அப்பா வாங்கிய கல்விக் கடன். ஓடவும் முடியாது, எதிர்த்து அடிக்கவும் முடியாது. உடலோ இன்னும் பாம்பைப் பார்த்த நிலையிலேயே இருக்கிறது. தூக்கம் கெடுவதும், வயிறு கெடுவதும், சின்னச் சொல்லுக்கெல்லாம் கோபம் வருவதும் இதனால்தான்.

எல்லா அழுத்தமும் கெட்டதன்று. நம் வீட்டுக் கயிற்றுக் கட்டிலை நினைத்துப் பாருங்கள். கயிறு தளர்ந்தால் படுத்தவர் தரையைத் தொடுவார். அளவுக்கு மீறி இறுக்கினால் சட்டம் விரியும். தேர்வு என்ற நினைப்பே இல்லாதவன் புத்தகத்தைத் திறக்க மாட்டான். அளவுக்கு மீறிப் பயப்படுகிறவனோ திறந்த புத்தகத்தில் ஒரே வரியைப் பத்து முறை வாசிப்பான். எர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் 1908-இல் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வும் இதையே காட்டியது: கடினமான ஒன்றைக் கற்கும்போது, தூண்டுதல் ஓர் அளவைத் தாண்டினால் கற்றல் கெடுகிறது. எனவே அழுத்தத்தை அடியோடு ஒழிப்பது நம் நோக்கமன்று. கயிற்றைச் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம்.

முயன்று பார்க்க ஐந்து வழிகள்

முதலாவது, மூச்சு. நாம் நினைத்தவுடன் இதயத் துடிப்பைக் குறைக்க முடியாது. ஆனால் மூச்சை மெதுவாக்க முடியும். மூச்சு மெதுவானால் இதயமும் கூடவே வரும். உங்கள் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைகிறது, விடும்போது சற்றுத் தளர்கிறது. உடலை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பு, மூச்சை விடும்போது கூடுதலாக வேலை செய்கிறது. ஆகவே உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். மனத்துக்குள் நான்கு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். வலிந்து பெரிதாக இழுக்க வேண்டாம். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

லொயோலா புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகள் நூலில் கற்றுத்தரும் செப முறைகளுள் ஒன்று இதற்கு மிக அருகில் இருக்கிறது. கர்த்தர் கற்பித்த செபத்தை ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சொல்லாக, அந்தச் சொல்லின் பொருளை நினைத்தபடி, நிதானமாகச் சொல்லச் சொல்கிறார். கீழைத் திருச்சபைகளின் துறவியர் இயேசுவின் பெயரை மூச்சோடு இணைத்துச் செபித்ததும் நாம் அறிந்ததே. செபம் ஒரு மூச்சுப் பயிற்சி அன்று. அது ஓர் ஆளோடு பேசுவது. ஆனால் பேச உட்காரும் உடல் அமைதியாக இருப்பது பேச்சுக்கு உதவும் என்பதை அந்தப் பெரியவர்கள் அறிந்திருந்தார்கள்.

இரண்டாவது, தசைகளை இறுக்கித் தளர்த்துதல். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் இது பற்றி ஒரு நூல் எழுதினார். பதற்றத்தில் இருப்பவர் தோளையும் தாடையையும் இறுக்கி வைத்திருப்பார். அப்படி வைத்திருப்பது அவருக்கே தெரியாது. எனவே தெரிந்தே இறுக்கி, தெரிந்தே தளர்த்திப் பழக வேண்டும். படுக்கையில் மல்லாந்து படுத்து, முதலில் பாதங்களை ஐந்து நொடி இறுக்குங்கள். பிறகு விட்டுவிட்டு இருபது நொடி அந்தத் தளர்ச்சியை மட்டும் கவனியுங்கள். அடுத்து கெண்டைக்கால், தொடை, வயிறு, கைகள், தோள், முகம். முழுவதும் செய்யக் கால் மணி நேரம் ஆகும். படுத்தால் தூக்கம் வராமல் புரள்கிறவர்களுக்கு இது ஏற்றது. அடிபட்ட இடத்தையும் வலியுள்ள இடத்தையும் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, நேரத்தைத் துண்டு போடுதல். 1980-களின் பிற்பகுதியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற பல்கலைக்கழக மாணவருக்குப் படிப்பில் மனம் ஊன்றவில்லை. அடுப்படியில் நேரம் பார்க்க வைக்கும் தக்காளி வடிவ மணிக்கருவி ஒன்றை எடுத்துத் திருகி வைத்து, அது அடிக்கும்வரை படிப்பது என்று தொடங்கினார். பின்னர் அது 25 நிமிடப் படிப்பு, 5 நிமிட ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் சற்று நீண்ட ஓய்வு என்ற முறையாக உருப்பெற்றது. தக்காளிக்கு இத்தாலிய மொழியில் பொமதோரோ என்பது பெயர். அதுவே அந்த முறைக்கும் பெயரானது. ‘ஐந்து யூனிட்டையும் முடிக்க வேண்டும்’ என்ற நினைப்பு மலைப்பைத் தரும். ‘இந்த 25 நிமிடத்தில் இந்த ஒரு கணக்கு’ என்ற நினைப்பு கையை வேலையில் வைக்கும். கைப்பேசி மட்டும் வேறு அறையில் இருக்கட்டும். கவிழ்த்து வைத்தாலும் பக்கத்தில் இருந்தால் அது அழைக்கும்.

அந்த 25 நிமிடத்தில் எப்படிப் படிக்கிறோம் என்பதும் முக்கியம். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்களைவிட, வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஐந்து நிமிடத்துக்குள் சோதித்தபோது, திரும்ப வாசித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள்! அதனால்தான் முந்தின இரவில் திருப்பிப் பார்த்தது எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றித் தேர்வு அறையில் கைவிடுகிறது. மூடிவைத்து எழுதிப் பாருங்கள். ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்ற பொதுவான பயம், ‘எனக்கு இந்த இரண்டு கேள்வி தெரியவில்லை’ என்ற சிறிய பயமாகச் சுருங்கும். சிறிய பயத்துக்கு வழி தேடலாம்.

நான்காவது, கவலையைத் தாளில் இறக்குதல். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை வருத்திய நிகழ்வுகளைப் பற்றி மனம்திறந்து எழுதினார்கள். எழுதிய அன்று சிலருக்கு மனம் கனத்தது. ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தன் பயங்களை எழுதுவது, பயம் மிகுந்த மாணவர்களின் மதிப்பெண்ணை உயர்த்தியது என்று 2011-இல் சிகாகோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். எல்லாருக்கும் ஒரே பலன் கிடைக்கும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் ஒரு தாளும் பத்து நிமிடமும் தவிர இதில் செலவு ஏதும் இல்லை. எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடலாம். விரும்பினால் அதைக் கையில் வைத்துக்கொண்டே செபிக்கலாம். திருப்பாடல்களில் பல அப்படி இறைவன் முன் கொட்டப்பட்ட முறையீடுகள் இல்லையா?

ஐந்தாவது, தூக்கமும் நடையும். பகலில் கற்றதை மூளை நிலைப்படுத்துவது பெரிதும் தூக்கத்தில்தான். இளைஞருக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரத் தூக்கம் தேவை. இரவு பத்து மணிக்குக் குடித்த காப்பியின் தூண்டுதலில் பாதி, ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழித்தும் இரத்தத்தில் இருக்கிறது. எனவே மாலைக்குப் பிறகு காப்பி, தேநீரைக் குறைத்துப் பாருங்கள். தேர்வுக்கு முந்தின இரவு முழுக்க விழித்திருப்பவர், உள்ளே போட்டதை எடுக்கும் கதவைத் தானே பூட்டிக்கொள்கிறார். உலக நல நிறுவனம் வயது வந்தோருக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. நாளுக்கு அரை மணி வேகநடை, வாரம் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஓடத் தயாரான உடலுக்கு உண்மையிலேயே ஓட ஒரு வாய்ப்பு கொடுத்தால் அது அமைதியாகிறது.

எல்லாருக்கும் ஒரே சட்டை பொருந்தாது

இதைக் கேட்கும் சில பிள்ளைகள் சிரிக்கக்கூடும். மாலை ஆறு மணிக்கு வாயில்கதவு பூட்டப்படும் பெண்கள் விடுதியில் இருக்கும் மாணவி எங்கே போய் வேகநடை நடப்பாள்? காலை ஆறரை மணி டவுன் பஸ்ஸைப் பிடித்து, இரவு ஏழு மணிக்குத் திரும்பி, தண்ணீர் பிடித்து, தம்பிக்குச் சோறு போட்ட பிறகு புத்தகத்தைத் திறக்கும் மாணவிக்கு எட்டு மணி நேரத் தூக்கம் எங்கிருந்து வரும்? கேள்வி நியாயமானது. விடுதிக்காரர் மொட்டைமாடியிலும் மாடிப்படியிலும் நடக்கலாம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் மூச்சுப் பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் வேண்டாம். ஆனால் அந்தக் குடத்தைத் தம்பி தூக்கினால் அக்காவுக்கு அரை மணி நேரம் மிஞ்சும் என்பதை வீட்டிலுள்ளவர்கள்தான் கண்டுகொள்ள வேண்டும்.

எனவே இவற்றை ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள், சோதித்துப் பாருங்கள். ஐந்தையும் ஒரே நாளில் தொடங்கினால் அதுவே ஒரு புது டென்ஷனாகிவிடும். ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து செய்யுங்கள். ஒரு சிறு நோட்டில் தினமும் படுக்கும் முன், இன்றைய பதற்றத்துக்குப் பூச்சியம் முதல் பத்து வரை ஓர் எண் போடுங்கள்; எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று இன்னோர் எண். இரண்டு வாரம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். எண் இறங்கியிருந்தால் தொடருங்கள். அப்படியே இருந்தால் விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். எந்தப் பயிற்சியையும் தேர்வு வாரத்தில் முதன்முதலாகத் தொடங்க வேண்டாம். நீச்சலைக் கரையோரத்தில் பழகிய பிறகுதான் ஆழத்துக்குப் போகிறோம்.

இந்த நோட்டும் நமக்குப் புதிதன்று. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அங்கீகரித்த ஆன்மிகப் பயிற்சிகள் நூலில், ஒரு குறையைத் திருத்த விரும்புகிறவர் நாளுக்கு இருமுறை தன்னையே ஆராய்ந்து, கோடுகளின் மேல் புள்ளியிட்டு, ஒரு நாளை மறுநாளோடும் ஒரு வாரத்தை மறுவாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி இஞ்ஞாசியார் சொல்லியிருக்கிறார்.

அவரே ஒரு மாணவராகத் துன்பப்பட்டவர். போர்வீரராக இருந்து, முப்பது வயதைத் தாண்டிய பிறகு பார்சலோனாவில் இலத்தீன் இலக்கணம் படிக்க உட்கார்ந்தார். 1528-இல் பாரிஸ் போய் ஏழு ஆண்டு படித்தார். கையில் பணமில்லாமல் விடுமுறையில் பிளாண்டர்ஸ் பகுதிவரை போய்ப் படிப்புக்காகக் கையேந்தினார். பார்சலோனாவில் அவருக்கு ஒரு விசித்திரமான இடையூறு வந்தது. இலக்கணத்தை மனப்பாடம் செய்ய உட்காரும்போதெல்லாம் ஆழ்ந்த பக்தி எண்ணங்கள் பொங்கி வந்தன. செபிக்கும்போதோ திருப்பலியிலோ அவை வரவில்லை. இது சோதனைதான் என்று தெளிந்து, தம் ஆசிரியரிடம் போய், இனி வகுப்பில் தவறாமல் கவனிப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். படிக்கும் நேரத்தில் செபமாலையை எடுத்துக்கொண்டு புத்தகத்திலிருந்து தப்பிக்கும் பிள்ளைகள் இதை நினைவில் வைக்கட்டும். அந்த நேரத்தில் படிப்பதுதான் இறைவன் உங்களிடம் கேட்கும் காணிக்கை.

தவறான வழிகளும் இருக்கின்றன. விடுதி அறையில் ‘ஒரு பாட்டில் போதும், எல்லாம் மறந்துவிடும்’ என்று சொல்பவர் இருப்பார். வாயில் அடக்கும் புகையிலையை நீட்டுபவர் இருப்பார். விழித்திருக்க மாத்திரை தருபவர் இருப்பார். விடிய விடியக் கைப்பேசியைத் தேய்ப்பதும் இதே வரிசைதான். இவை பதற்றத்தை ஒரு மணி நேரம் மூடிவைக்கும். மூடி திறக்கும்போது அது வட்டியோடு வரும். அதே நோட்டில் இவற்றுக்கும் எண் போட்டுப் பாருங்கள். மறுநாள் எண் உங்களுக்கே சொல்லும்.

மூச்சுப் பயிற்சி கல்லூரிக் கட்டணம் கட்டாது

இன்னோர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லா அழுத்தமும் மாணவரின் மனத்துக்குள் பிறப்பதில்லை. கட்டணம் கட்டாததால் ஹால் டிக்கெட் கிடைக்காமல் நிற்கும் மாணவனுக்கு வேண்டியது கட்டணம். தமிழ்வழியில் படித்து வந்து, ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் ஒரு சொல்லும் புரியாமல் உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு வேண்டியது, மாலையில் சொல்லிக்கொடுக்கும் ஒரு அக்கா. சாதிப் பெயரால் விடுதியில் ஒதுக்கப்படும் பிள்ளைக்கு வேண்டியது நீதி. அவர்களிடம் ‘மூச்சை நான்கு எண்ணி இழு’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், காயத்துக்குக் கட்டுப் போடாமல் விசிறிவிட்டுப் போவதாகும்.

இங்கே பங்குக்கு வேலை இருக்கிறது. நம் பங்குகளில் ஏழைகளுக்கு உதவும் புனித வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியவர் யார் தெரியுமா? பிரெடெரிக் ஓசானாம். 1833-இல் பாரிஸில் நண்பர்களோடு அதைத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபது. அவரும் ஒரு கல்லூரி மாணவர். எனவே கட்டணத்துக்குத் திணறும் மாணவர் அந்தச் சபையை அணுக வெட்கப்பட வேண்டாம். பங்கு மன்றத்தை மாலை ஆறு முதல் ஒன்பது வரை விளக்கும் மின்விசிறியும் போட்டுப் படிப்பதற்காகத் திறந்து வைக்கலாம். வேலையில் இருக்கும் பட்டதாரிகள் வாரம் ஒரு மாலை வந்து கணிதமோ ஆங்கிலமோ சொல்லிக்கொடுக்கலாம். இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. ஒரு சாவியும், அதைத் தினமும் திறக்க ஓர் ஆளும் போதும்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. விடுதிக்குப் போன் செய்யும் நம் தாய்மார் கேட்கும் முதல் கேள்வி ‘சாப்பிட்டியா?’ என்பதுதான். அது எலியாவை எழுப்பிய தூதரின் அக்கறை. ஆனால் அடுத்த மூச்சிலேயே ‘எத்தனை அரியர்? அத்தை மகன் எல்லாத்துலயும் பாஸாம்’ என்று வந்துவிடுகிறது. முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் நடுவே சற்று இடம் விடுங்கள். அந்த இடைவெளியில் பிள்ளை எதையாவது சொல்ல நினைத்திருக்கலாம். மதிப்பெண் குறைந்தாலும் இந்த வீட்டில் தனக்கு இடமுண்டு என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறதா? ‘அது அவனுக்கே தெரியுமே’ என்று இருந்துவிடாதீர்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

தேர்வு முடிந்ததும் வடிந்துவிடுவது மன அழுத்தம். தேர்வு முடிந்தும் வடியாமல், இரண்டு வாரத்துக்கும் மேலாக, பெரும்பாலான நாள்களில், மனம் இருண்டே கிடந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். பிடித்த எதிலும் பிடிப்பு இல்லாமை, தூக்கமும் பசியும் அடியோடு மாறிவிடுதல், குளிக்கவும் எழுந்திருக்கவும் முடியாமை, தான் எதற்கும் உதவாதவன் என்ற ஓயாத நினைப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். இதற்கு மூச்சுப் பயிற்சி போதாது. மஞ்சள் காமாலை வந்தவரை நடைப்பயிற்சிக்கு அனுப்பிவிட்டு இருந்துவிடுவோமா? கல்லூரியில் உள்ள மனநல ஆலோசகரிடமோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ காட்ட வேண்டும். மருந்து எழுதிக்கொடுத்தால் சாப்பிட வேண்டும்.

‘செத்துப்போகலாம் போல இருக்கு’ என்று யாராவது விளையாட்டாகச் சொன்னாலும் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். ‘அப்படி ஏதாவது யோசிக்கிறாயா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் வரும். அவரைத் தனியே விடாதீர்கள். நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, இருபத்து நான்கு மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை இப்போதே உங்கள் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். உங்கள் அறைத் தோழருக்குத் தேவைப்படலாம்.

‘மனநல மருத்துவரிடம் போனால் என்ன நினைப்பார்கள்? செபத்தில் நம்பிக்கை இல்லையா என்று கேட்பார்களே’ என்று தயங்கும் குடும்பங்களுக்குச் சொல்கிறோம்: ஒப்புரவு அருள்சாதனம் பாவத்துக்கு மன்னிப்பு தருகிறது. மனச்சோர்வு பாவமன்று, நோய். நோய்க்கு மருத்துவரிடம் போகிறோம், அவருக்காகச் செபிக்கவும் செய்கிறோம். இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்த வேண்டியதில்லை. எலியாவின் அருகே அப்பத்தை வைத்தவரும், மலையில் மெல்லிய ஒலியில் அவரோடு பேசியவரும் ஒரே இறைவன்தான்.

இந்த வாரம் நாம் செய்யக்கூடியது சிறிய காரியம்தான். மாணவ மாணவியரே, மேலே சொன்னவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நோட்டில் இன்று இரவே முதல் எண்ணைப் போடுங்கள். பெற்றோரே, இன்று போன் செய்யும்போது சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். பங்கு மக்களே, உங்கள் தெருவில் தேர்வு எழுதும் பிள்ளைகள் யார் யார் என்று விசாரித்து, இரவில் வானொலி, தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.

செபிப்போம். எங்கள் சோர்வை அறிந்த இறைவா, கல்லூரிகளில் பயிலும் எங்கள் பிள்ளைகளுக்குத் தெளிந்த மனத்தையும் அமைதியான தூக்கத்தையும் தாரும். தனியே அழுகிறவர்களிடம் நல்ல தோழரை அனுப்பும். அவர்கள் தேறினாலும் தவறினாலும் உம் அன்பில் அவர்களுக்குள்ள இடம் குறையாது என்பதை எங்கள் வார்த்தைகளால் அவர்களுக்கு உணர்த்த எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.